தவிட்டுக்கு விற்ற பிள்ளை

தென்காசி
6-6-1938

வள்ளித்தாய்க்கு அக்கா ஆவுடைத்தாய் எழுதுவது.

நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்பதற்காக இந்தக் காகிதத்தை எடுக்கவில்லை. நம் அம்மாவின் மெட்டி போய்விட்டது. உனக்குக் கல்யாணம் ஆகும்போது அந்த ஜோடியை உன் காலில் போடுவேன் என்று சொல்லியிருந்தேன். அதனால் உனக்குத் தெரிவிப்பது முறை. தெரிவித்துவிட்டேன்.

தொலையவில்லை. வெட்டி எடுத்தார்கள். எனக்குக் கால் இரண்டும் வீங்கிக் கிடக்கிறது. விரல் கறுத்துவருகிறது என்று அத்தை ஆசாரியைக் கூட்டிவந்தாள். அவர் கத்திரியை வைத்து நறுக்கும்போது சதையும் சேர்ந்து வந்துவிட்டது. ரத்தத்தைப் பார்த்து அவர்தான் அலறினார். "தாயீ, வலிக்கலியா?" என்றார். "இல்ல அண்ணாச்சி, நீங்க வெட்டுங்க" என்றேன். அவர் கத்திரியைக் கீழே போட்டுவிட்டு எழுந்து போய்விட்டார். மற்றக் கால் மெட்டியை மறுநாள்தான் வந்து வெட்டினார். அன்றைக்கும் எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. போன வருஷம் மாசியில் எனக்கு ஆண்பிள்ளை பிறந்தது. அதற்கு நீ கார்டு போட்டிருந்தாய். பதில் போட வேண்டாம் என்று உன் அத்தான் சொல்லிவிட்டார். வைகாசியில் பிள்ளை இறந்துபோனான். அதையும் சொல்ல வேண்டாம் என்றார். இசக்கிப்பாண்டி என்று பேர். கொழுகொழுவென்று இருந்தான். கடைசியில் சில நாள் அழுவான், ஆனால் சத்தம் வராது. வாய் மட்டும் திறந்து மூடும். ஒரு நாள் விடியும்போது மூச்சுத் திணறி, நீலம் பாய்ந்து, போய்விட்டான்.

நான் அழவில்லை. எல்லாரும் பார்த்துக்கொண்டே இருந்தார்கள், எனக்கு அழுகை வரவில்லை. ஆனியில் என்னைக் குற்றாலத்துக்குக் கூட்டிப்போய், சித்தம் கலங்கியவர்களை நிறுத்துவது போல அருவியில் நிறுத்தினார்கள். தலையில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. காலுக்குத் தண்ணீர் என்பதே தெரியவில்லை.

இப்போது பங்குனியில் ஒரு பெண் பிறந்திருக்கிறாள். நல்ல சதைப்பிடிப்பு. பால் குடிக்கிறாள். கொடுக்கிறேன். பார்த்துக்கொண்டு இருக்கிறேன். மூன்றாம் மாசம் வரப்போகிறது.

என் கொழுந்தன் சங்கிலிப்பாண்டிக்கும் உனக்கும் பரிசம் போட்ட பிறகு, நீ பாட்டுக்கு நர்ஸ் படிக்கப் போகிறேன் என்று ரயிலேறினாய். தாய் தகப்பன் இல்லாதவளை நான் வளர்த்த லட்சணம் அதுதான் என்று இந்த வீட்டில் என்னைப் பேசினார்கள். ரெண்டு வருஷம் உன்மேல் வைத்திருந்த கோபத்தை இன்றைக்கு எழுதித் தீர்க்கலாம் என்று உட்கார்ந்தேன். அதுவும் வரவில்லை. மெட்டித் துண்டுகளை எடுத்து வைத்திருக்கிறேன். என்ன செய்யட்டும் என்று எழுது.

ஆவுடைத்தாய்


மதுரை
8-6-1938

அக்கா,

மெட்டி நாசமாய்ப் போகட்டும்! மெட்டிக்கு முதல் இடம் கொடுத்துவிட்டு, பிள்ளை செத்ததை "இன்னொன்றும் இருக்கிறது" என்று எழுதியிருக்கிறாயே, உனக்கு மனசு எப்படி வந்தது? அவனுக்காக ஒரு சட்டை தைத்தேன். அனுப்பினால் திருப்பி அனுப்பிவிடுவீர்கள் என்று பெட்டியிலேயே வைத்திருந்தேன். வளர்ந்திருப்பானே, இனிப் பற்றாதே என்று போன மாசம்தான் பிரித்துப் பெரிதாகத் தைத்தேன். யாருக்குத் தைத்தேன் என்று இப்போது தெரிகிறது.

பரிசம் போட்டது நீங்கள். என்னிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. "இந்தப் படியை இனி மிதிக்காதே" என்று அத்தான் சொன்னபோது நீ அடுக்களைக் கதவுக்குப் பின்னால் நின்றாய். உன் சேலை நுனி எனக்குத் தெரிந்தது. ஒரு வார்த்தை சொல்வாய் என்று ரயிலடி போகிற வரைக்கும் திரும்பித் திரும்பிப் பார்த்தேன்.

அது கிடக்கட்டும். சண்டையைப் பிறகு போடுவோம். உன் கடிதத்தை இங்கே டாக்டர் ஜெபமலர் அம்மாவிடம் படித்துக் காட்டினேன். ஆசாரி சதையை நறுக்கிய இடம் வந்ததும் நிறுத்தச் சொன்னார்கள். பிள்ளை சத்தமில்லாமல் அழுதான் என்ற இடத்தை இரண்டாம் முறை படிக்கச் சொன்னார்கள். பிறகு, "உங்க அக்கா என்ன சாப்பிடுதா?" என்று கேட்டார்கள். எனக்குத் தெரியவில்லை அக்கா. எனக்குச் சோறு ஊட்டி வளர்த்தவள் இப்போது என்ன சாப்பிடுகிறாள் என்று எனக்குத் தெரியவில்லை.

அதனால் கௌரவம் பார்க்காமல் பதில் எழுது. காலையிலிருந்து ராத்திரி வரை என்ன சாப்பிடுகிறாய்? ஒன்றையும் மறைக்காதே. கெண்டைக்காலை அமுக்கினால் வலிக்கிறதா? குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கையை ஊன்றாமல் எழுந்திருக்க முடிகிறதா? நடந்தால் மூச்சு வாங்குகிறதா? முக்கியமாக, பாப்பாவின் குரல் எப்படி இருக்கிறது? இன்றைக்குக் காது கொடுத்துக் கேள். இன்றைக்கே எழுது.

வள்ளி


தென்காசி
11-6-1938

வள்ளி,

நீ கேட்டதற்கு மட்டும் எழுதுகிறேன்.

கெண்டைக்கால் வலிக்கிறது. பாதம் வலிப்பதில்லை, அதற்கு மேலே வலிக்கிறது. புறவாசலில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பார்த்தேன். எழுந்திருக்க முடியவில்லை. எங்கள் அரிசி மில்லில் தவிடு சலிக்கிற சந்தனமாரி, ஆட்டுக்குக் கழுநீர் எடுக்க வந்தவள்தான் என்னைத் தூக்கிவிட்டாள். "என்ன தாயீ, வயசானவ மாதிரி உக்காந்துட்டிய" என்று சிரித்தாள். மாடிக்குப் போனால் மூச்சு வாங்குகிறது. அதனால் போவதில்லை.

சாப்பாட்டைப் பற்றி இந்த வீட்டில் ஒரு குறையும் சொல்ல முடியாது. போன வருஷம் மில்லில் புதிதாகத் தீட்டுகிற மிஷின் வைத்தார்கள். அதில் மூன்று தடவை தீட்டின பச்சரிசி எனக்கென்று தனியாக வருகிறது. மல்லிகை மொட்டு மாதிரி வெள்ளையாக இருக்கும். அத்தை வேலைக்காரியை நம்பாமல் தன் கையால் அதைக் களைந்து களைந்து, தண்ணீர் தெளிகிற வரைக்கும் கொட்டி, பொங்கி, கஞ்சியையும் வடித்துவிடுவாள். பெற்றவளுக்கு மந்தம் தட்டக் கூடாதாம். பருப்பு வாயு, கீரை குளிர்ச்சி, கருவாடு கரப்பான், எதுவும் கிடையாது. சோறு, சுட்ட உப்பு, மிளகுத்தண்ணீர். முதல் பிள்ளைக்கு நாற்பது நாள் பத்தியம் இருந்தேன். அவன் போனதும், "நாந்தான் பத்தியத்தை எளக்கிட்டேன்" என்று அத்தை நெஞ்சில் அடித்துக்கொண்டாள். அதனால் இந்தத் தடவை சூலிருந்த ஏழாம் மாசத்திலேயே பத்தியம் தொடங்கியாயிற்று. பிள்ளைக்கு மூன்று மாசம் தாண்டுகிற வரைக்கும் விடமாட்டாள். வாசுதேவநல்லூர் ஜமீன் பக்கத்துப் பெண்களுக்குக்கூட இந்த அரிசி கிடையாது என்று பெருமையாகச் சொல்லுவாள். எனக்கு ருசி தெரிவதில்லை. வாயில் போட்டு விழுங்குகிறேன்.

சேலை நுனி தெரிந்தது என்று எழுதியிருந்தாய். ஆமாம், நின்றேன். நான் வாயைத் திறந்திருந்தால் நானும் உன்னோடு ரயிலடிக்குத்தான் வந்திருக்க வேண்டும். எங்கே போவது?

பிள்ளையின் குரல் நேற்றிலிருந்து கொஞ்சம் கம்மியிருக்கிறது. தொண்டை கட்டியிருக்கும் என்று அத்தை வசம்பு உரைத்துக் கொடுத்தாள். நல்லாத்தான் குடிக்கிறாள். அப்புறம் கக்குகிறாள். அவனும் இப்படித்தான் இருந்தான் என்று எனக்குத் தெரிகிறது. தெரிந்தும் என் மனசு பதறமாட்டேன் என்கிறது, வள்ளி. யாருக்கோ நடப்பது போல இருக்கிறது. இது என்ன ஜென்மம்?

ஆவுடைத்தாய்


மதுரை
13-6-1938

அக்கா,

இந்தக் கடிதத்துக்கு முந்தி என் தந்தி வந்திருக்கும். தாய்ப்பாலை நிறுத்து, ஆட்டுப்பால் கொடு என்று அடித்திருந்தேன். செய்தாயா? செய்யவில்லை என்றால் மேலே படிக்காதே, முதலில் போய் அதைச் செய். ஆட்டுப்பாலில் தண்ணீர் சேர்த்துக் காய்ச்சிச் சங்கில் புகட்டு. உன் பாலைப் பீய்ச்சி விட்டுவிடு.

இனி ஏன் என்று சொல்கிறேன். உனக்கு வந்திருப்பது பேயும் இல்லை, பிசாசும் இல்லை. பெரிபெரி என்று ஒரு நோய். நீ எழுதினதைக் கேட்டதும் டாக்டர் அம்மா சொல்லிவிட்டார்கள்.

உங்கள் மில்லில் ஒரே எஞ்சின்தானே? மேலே ஓடுகிற தண்டிலிருந்து பெல்ட்டு இறங்கி, ஒரு மிஷின் உமியை நீக்கும், ஒன்று தீட்டும், ஒன்று சலிக்கும். ஒரு பெல்ட்டு நழுவினால் அந்த மிஷின் மட்டுமா நிற்கிறது? இங்கே நெல் குவியும், அங்கே சும்மா சுற்றும், அத்தான் கத்திக்கொண்டு ஓடுவார். உடம்பும் அப்படித்தான். வயிறு சோற்றைக் கரைத்து ரத்தத்தில் விடும். ரத்தத்தை இருதயம் தள்ளும். நெஞ்சு இழுக்கிற காற்றும் அதே ரத்தத்தில் போகும். அந்தக் காற்றில் சோறு எரிந்துதான் நரம்புக்கும் சதைக்கும் பலம். இருதயத்துக்கும் அதே சோறுதான். எதுவும் தனிக் குடித்தனம் இல்லை. இவ்வளவும் நடக்க ஒரு துளி சத்து வேண்டும். அது இல்லாமல் எவ்வளவு சோறு தின்றாலும் எரியாது. அந்தச் சத்து நெல்லில் எங்கே இருக்கிறது தெரியுமா? தவிட்டில். நீங்கள் மூன்று தடவை தீட்டி மாட்டுக்குப் போடுகிற அந்தத் தவிட்டில். அரிசியில் ஒட்டியிருந்த மிச்சமும் களைந்த தண்ணீரோடும் வடித்த கஞ்சியோடும் போய்விட்டது. பருப்பிலும் கீரையிலும் இருப்பதை உன் அத்தை வாசலிலேயே நிறுத்திவிட்டாள்.

சத்து குறைந்தால் தலையிலிருந்து தூரத்தில் இருக்கிற கால் நரம்புதான் முதலில் தூங்கும். இருதயம் தளரும், கீழே இறங்கின நீர் மேலே ஏறாமல் காலில் தேங்கும், மூச்சு வாங்கும். குரலுக்குப் போகிற நரம்பு தளர்ந்தால் சத்தம் வராது. மனசும் மரத்துப்போகும் என்று அம்மா சொன்னார்கள். அது சத்துக் குறைவாலா, துக்கத்தாலா என்று தனியாகப் பிரிக்க முடியாதாம். அதனால் இது என்ன ஜென்மம் என்று உன்னை நீயே கேட்காதே.

நீ செய்ய வேண்டியது பெரிய வித்தை இல்லை. புதுத் தவிட்டைச் சலித்து, வறுத்து, தினமும் ரெண்டு கைப்பிடி தின்ன வேண்டும். கைக்குத்தல் புழுங்கலரிசி, பருப்பு, கீரை. நான் வந்து நின்று ஊட்டிவிடுவேன். ஆனால் அந்தப் படியில் நான் கால் வைத்தால், கோபத்தில் நான் சொல்கிறதையும் சேர்த்து வெளியே தள்ளிவிடுவார்கள். நீ வா என்று எழுது, அடுத்த வண்டியில் வருகிறேன்.

வள்ளி


தென்காசி
18-6-1938

வள்ளி,

தந்தி வந்தது. இங்கிலீஷில் இருந்ததால் உன் அத்தான் போஸ்ட்மாஸ்டரிடம் போய்ப் படிக்கச் சொல்லிக் கேட்டு வந்தார். தாய்ப்பால் விஷயம் ஊருக்கே தெரிந்துவிட்டது என்று குதித்தார். ஆனால் அத்தை பிள்ளையின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றைக்குக் காலையில் குரல் சுத்தமாகப் போய்விட்டிருந்தது. சத்தம் வராத அந்த வாயை அவள் ஏற்கெனவே ஒரு தடவை பார்த்தவள். "ஏட்டி சந்தனமாரி, ஒன் ஆட்டை ஓட்டிட்டு வா" என்று அவளே கத்தினாள். சங்கில் ஆட்டுப்பால் புகட்டினோம். என் பாலைப் புறவாசல் சுவரில் பீய்ச்சினேன். எறும்பு வந்தது.

தவிட்டை மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை. "மில்லுக்காரன் பெண்டாட்டி மாட்டுத்தீனி திங்குதாளா? நாளைக்குச் சந்தையில நான் எப்படி நடக்குதது?" என்றார் உன் அத்தான். அத்தை கோபப்படவில்லை, அழுதாள். "எங்கையால களைஞ்சு போடுதேன், அது ஒனக்கு ஆகலியாட்டி?" என்று கேட்டாள். கழுநீரைக் குடித்துப் பார்க்கலாம் என்று போனேன், அதற்குள் ஆடு குடித்துவிட்டது.

அதனால் பொய் சொன்னேன். இசக்கி அம்மன் சொப்பனத்தில் வந்ததாகச் சொன்னேன். முதல் பிள்ளையைச் சாகக் கொடுத்தவர்கள் அடுத்த பிள்ளையைத் தவிட்டுக்கு விற்கிறது நம் பக்கத்தில் இருக்கிறதுதானே? நம் தெருவிலேயே தவிட்டுக்கு வாங்கின பிள்ளை ஒருத்தன் இருந்தான், உனக்கு நினைவிருக்கும். "பிள்ளையைத் தவிட்டுக்கு வித்துரு. வித்த தவிட்டைப் பெத்தவ தின்னு தீக்கணும். ஆடு மாடு தின்னா வித்தது செல்லாது" என்று அம்மன் சொன்னாள் என்றேன். வாய் கூசவில்லை. அம்மன் பேரில் பொய் சொன்னால் பயம் வரும் என்று பார்த்தேன், பயமும் வரவில்லை. மரத்துப்போனதில் அது ஒரு லாபம்.

அத்தை உடனே நம்பிவிட்டாள். அன்றைக்கு மத்தியானமே பிள்ளையைத் தவிடு புடைக்கிற சுளகில் கிடத்திப் புறவாசல் வழியாகச் சந்தனமாரி கையில் கொடுத்தோம். அவள் ஒரு நார்ப்பெட்டி நிறையத் தவிட்டைக் கொண்டுவந்து என் முந்தானையில் கொட்டினாள். எங்கள் மில் தவிடுதான். "இனி இது எம்பிள்ள. தவிட்டம்மான்னு பேரு வச்சிருக்கேன். பாத்துக்கிடுங்க" என்று என்னிடமே திருப்பிக் கொடுத்தாள். உன் அத்தான் தூணைப் பார்த்துக்கொண்டு நின்றார். அம்மன் சொன்னதை அவரால் தடுக்க முடியவில்லை.

வறுத்துக் கருப்பட்டிப் பாகில் உருட்டித் தின்கிறேன். தீர்ந்தால் சந்தனமாரி, "அன்னைக்கு அளவு கொறஞ்சு போச்சு" என்று இன்னும் ஒரு பெட்டி கொண்டுவந்து கொட்டுகிறாள். பிள்ளைக்கு இன்னும் குரல் வரவில்லை. கக்குவது மட்டும் நின்றிருக்கிறது.

ஒன்று கேட்கிறேன். பிள்ளைக்குச் சோறு கிடையாது, என் பால்தான் சோறு. அப்படியானால் இசக்கிப்பாண்டிக்கும் அதுதானா? என் பாலா? நீ உன் கடிதத்தில் எல்லாவற்றையும் எழுதினாய். அதை மட்டும் எழுதவில்லை.

ஆவுடைத்தாய்


மதுரை
22-6-1938

அக்கா,

இதோடு நாலு காகிதம் கிழித்துவிட்டேன். டாக்டர் அம்மாவிடம், "இல்லை என்று எழுதிவிடட்டுமா?" என்று கேட்டேன். "அவ ஒன்னக் கேட்டிருக்கா, என்னையில்ல" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள்.

சின்ன வயசில் நம் அம்மா செத்தபோது எல்லாரும் என்னிடம், ஊருக்குப் போயிருக்கிறாள் என்றார்கள். நீ மட்டும்தான் என்னைக் கிணற்றடிக்குக் கூட்டிப்போய், "செத்துட்டாட்டி, இனி வரமாட்டா" என்றாய். உனக்கு நான் பொய் எழுத முடியாது.

ஆமாம் அக்கா. அதுதான்.

உன் உடம்பில் இருந்ததை எல்லாம் பால் எடுத்துக் கொடுத்தது. இல்லாததை அது எங்கேயிருந்து கொடுக்கும்? அவன் குடித்துக் குடித்துக் கொழுகொழுவென்று ஆனான், உள்ளே ஒரு துளி சத்து இல்லாமல் இருந்தான். நீ வஞ்சனை செய்யவில்லை. உன் அத்தையும் செய்யவில்லை. இருக்கிறதிலேயே நல்லதை உனக்குக் கொடுக்க வேண்டும் என்றுதான் அவள் செய்தாள். அதில் யாரைப் போய்த் திட்டுவது? எனக்கு யாரையாவது திட்ட வேண்டும் போல இருக்கிறது. இரண்டு நாளாக விடுதியில் எல்லாரிடமும் எரிந்து விழுகிறேன்.

பாப்பாவுக்காக ஒரு சின்னக் குப்பி பார்சலில் வருகிறது. தவிட்டிலிருந்து இறக்கின சாறு. சங்குப்பாலில் சில துளி விடு. உன் வீக்கம் வடிந்து, மாடிக்கு மூச்சு வாங்காமல் ஏறும் நாள் வந்தால், மறுபடி நீயே பால் கொடுக்கலாம் என்று டாக்டர் அம்மா சொன்னார்கள். அதுவரைக்கும் பால் வற்றாமல் பீய்ச்சிக்கொண்டிரு.

நீ இதைப் படித்த பிறகு என்ன செய்வாய் என்று தெரியவில்லை. எதையாவது எழுது. என்னைத் திட்டியாவது எழுது.

வள்ளி


தென்காசி
5-7-1938

வள்ளி,

உன் கடிதம் வந்து பல நாள் ஆகிறது. படித்தேன். மடித்து அரிசிப் பானைக்கு அடியில் வைத்தேன். அன்றைக்கு வேலைகள் எல்லாம் செய்தேன்.

பிள்ளைக்குக் குரல் வந்துவிட்டது. ஆனி அமாவாசை கழிந்து ஒரு நாள் காலையில், கோழி கத்துகிறதோ என்று நினைத்தேன். பிள்ளைதான். அத்தை அடுக்களையிலிருந்து கரண்டியோடு ஓடிவந்தாள். "அழுதாட்டி, அழுதா! சத்தம் போட்டு அழுதா!" என்று தெருவுக்கே கேட்கக் கத்தினாள். உன் அத்தான் மில்லை நிறுத்திவிட்டு வந்து, அழுகிற பிள்ளையை அமர்த்த விடாமல் கேட்டுக்கொண்டே நின்றார். எல்லாரும் சிரித்தார்கள். இது சந்தோஷப்பட வேண்டிய இடம் என்று எனக்கும் தெரிந்தது. முகத்தை அதற்குத் தகுந்தபடி வைத்துக்கொண்டேன்.

வீக்கம் வடிந்திருக்கிறது. மாடிக்கு ஏறி இறங்கிப் பார்த்தேன், மூச்சு வாங்கவில்லை. பால் கொடுக்க ஆரம்பித்திருக்கிறேன். முதல் நாள் எடுத்து அணைத்ததும் கை தானாகப் பின்னுக்குப் போனது. பிறகு கொடுத்தேன்.

அரிசியும் மாறிவிட்டது. நான் சொல்லிக்கொடுத்ததுதான். சந்தனமாரி வந்து அத்தை முன்னால் நின்றாள். "வாங்கினவ நாந்தான? எம்பிள்ளைக்குப் பால் குடுக்குதவ எங்க வீட்டு அரிசிதான் திங்கணும். இல்லன்னா சாமிக்கு இது எம்பிள்ளன்னு எப்படித் தெரியும்?" என்றாள். அவள் வீட்டுச் சோற்றைத்தான் இவர்கள் வாங்க மாட்டார்கள், அரிசியாக வாங்கலாம் அல்லவா? அத்தை யோசித்து யோசித்து, சரி என்றுவிட்டாள். இப்போது தினமும் சந்தனமாரி குத்தின சிவப்புப் புழுங்கலரிசி வருகிறது. கூடவே அவள் கொல்லையில் பறித்த முருங்கைக்கீரையும், "எம்பிள்ளைக்கு" என்று வந்துவிடுகிறது. அச்சன்புதூர் வயலில் விளைந்த நெல்லை மலை மலையாக வைத்திருக்கிற வீட்டில் இப்படி நடக்கிறது.

அத்தையிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன். அவள் கையாலேயே களைந்து ஊற்றினாள். அவளுக்கு அது தெரிந்தால் அந்தக் கையை வைத்துக்கொண்டு மிச்ச நாளை எப்படிக் கழிப்பாள்? நீயும் சொல்லாதே. எனக்கு ஒருத்திக்குத் தெரிந்தால் போதும். எனக்குத்தான் ஒன்றும் வலிப்பதில்லையே.

பாதம் இன்னும் அப்படியேதான் இருக்கிறது.

ஆவுடைத்தாய்


மதுரை
9-7-1938

அக்கா,

பாப்பா கத்தினாள் என்ற வரியை வார்டில் சத்தம் போட்டுப் படித்தேன். நோயாளிகள்கூடச் சிரித்தார்கள். அந்தக் கழுதைக்கு என் முத்தம் ஒன்று கொடு.

உன் பாதத்தைப் பற்றிக் கேட்டேன். இருதயம் சீக்கிரம் தேறிவிடும், நரம்பு மெதுவாகத்தான் திரும்பும் என்கிறார்கள். நகம் வளர்கிற வேகம்தான் அதற்கு. அதுவரைக்கும் தினமும் பாதத்தைக் கண்ணால் பார்த்துக்கொள், முள்ளோ சூடோ பட்டால் உனக்குத் தெரியாது. வலி என்பது உடம்புக்குக் காவல்காரன். அவன் இல்லாத வீடு பார்க்க அமைதியாகத்தான் இருக்கும், உள்ளே எது வேண்டுமானாலும் போய்விடும். உணர்ச்சி திரும்பும்போது முதலில் சுகமாக வராதாம், எறும்பு ஊர்கிற மாதிரியும் ஊசி குத்துகிற மாதிரியும் வருமாம். சிலர் அதற்குப் பயந்து மருந்தையே நிறுத்திவிடுகிறார்கள். நீ நிறுத்தாதே.

மனசைப் பற்றி நான் கேட்கவில்லை. அதற்கு நாள் குறிக்க யாராலும் முடியாது என்று தெரியும்.

அத்தையிடம் சொல்ல மாட்டேன். ஆனால் எனக்கு ஒருத்திக்குத் தெரிந்தால் போதும் என்று எழுதாதே. எனக்கும் தெரியும். நாம் ரெண்டு பேர்.

வலி வந்தால் எனக்கு எழுது. எந்த நேரமானாலும் எழுது.

வள்ளி


தென்காசி
14-8-1938

வள்ளி,

நேற்றுக் குற்றாலத்துக்குப் போனோம். ஆடி முடிவதற்குள் பிள்ளையின் தலையில் ஒரு சொட்டு அருவித் தண்ணீர் தெளிக்க வேண்டும் என்று அத்தைக்கு வேண்டுதல். வண்டி கட்டிக்கொண்டு, சந்தனமாரியையும் கூட்டிக்கொண்டு போனோம். அவளுடைய பிள்ளை அல்லவா, அவள் இல்லாமல் தெளிக்கக் கூடாதாம். நல்ல சாரல். பாறை முழுக்க எண்ணெய் வழுக்கல். பிள்ளையைச் சந்தனமாரி வைத்துக்கொண்டாள். அத்தை என் கையைப் பிடித்துப் பெண்கள் பக்கம் கூட்டிப்போனாள்.

போன வருஷம் நின்ற அதே இடம். தலையில் தண்ணீர் விழுந்தது. சத்தம் கேட்டது. அதெல்லாம் பழசுதான். பிறகு பாதத்தில் ஏதோ கடித்தது. குனிந்து பார்த்தேன், ஒன்றும் இல்லை, தண்ணீர்தான். மறுபடியும் கடித்தது. பெருவிரலுக்கு அடுத்த விரலில், மெட்டி வெட்டின இடத்தில், ஐஸ்கட்டி வைத்த மாதிரிச் சுள்ளென்று ஏறியது. கத்திவிட்டேன். குளிர் தாங்காமல் கத்தினேன் என்றுதான் நினைத்தேன். பிறகு பார்த்தால் நான் கத்தினது இசக்கிப்பாண்டியின் பேரை.

நிறுத்த முடியவில்லை, வள்ளி. பாறையில் உட்கார்ந்துவிட்டேன். சுற்றிலும் நின்ற பெண்கள் ஒதுங்கி வழி விட்டார்கள். பைத்தியத்துக்குக் குளிப்பாட்ட வந்திருக்கிறார்கள் என்று நினைத்திருப்பார்கள். அத்தை பதறி என் தோளைப் பிடித்து, "என்னட்டி? எங்கனயும் அடிபட்டுச்சா? என்னட்டி ஆச்சு?" என்றாள்.

"அத்த, இசக்கிப்பாண்டி செத்துப்போயிட்டான் அத்த" என்றேன்.

ஏதோ அன்றைக்குத்தான் சேதி வந்தது போலச் சொன்னேன். அவளும் ஒரு நிமிஷம் அன்றைக்குத்தான் கேட்கிறவள் போல என்னைப் பார்த்தாள். "ஆமாட்டி" என்றாள். "செத்துப்போயிட்டான்." பிறகு அவளும் பக்கத்தில் உட்கார்ந்து என் தலையைத் தன் மடியில் சாய்த்துக்கொண்டாள். அரிசி களைந்த அந்தக் கையால் என் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். தண்ணீர் விழுந்துகொண்டே இருந்ததால் துடைத்துத் தீரவில்லை. நான் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன். சொல்லிவிடுவேனோ என்று எனக்கே பயமாக இருந்தது. சொல்லவில்லை. எத்தனையோ நாளைக்குப் பிறகு எனக்குப் பயம் வந்தது அப்போதுதான்.

கரையில் பிள்ளையும் கத்திக்கொண்டிருந்தாள். "ஆத்தாளும் மகளும் சேந்து அழுதாவளே, நான் யாருக்குன்னு பாப்பேன்!" என்று சந்தனமாரி சலித்துக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்த பிறகும் அழுகை விட்டுவிட்டு வருகிறது. சோறு போடும்போது வருகிறது. பிள்ளைக்குப் பால் கொடுக்கும்போது ரொம்ப வருகிறது. அவன் மோவாயில் ஒரு மச்சம் இருந்தது. அது இத்தனை நாள் நினைவுக்கே வரவில்லை. இப்போது கண்ணை மூடினால் அதுதான். உன் பெட்டியில் அவனுக்குத் தைத்த சட்டை இருக்கிறது என்று எழுதினாயே, அதை எடுத்துக்கொண்டு வா. தவிட்டம்மாளுக்குப் போட வேண்டாம். எனக்கு ஒரு தடவை அதைக் கையில் வைத்துப் பார்க்க வேண்டும்.

உன் அத்தானிடம் நானே கேட்டேன். அடுக்களைக் கதவுக்குப் பின்னால் நிற்காமல் முன்கூடத்துக்குப் போய்க் கேட்டேன். அவர், மதுரை வண்டி சாயங்காலம்தான் வருகிறது, ஸ்டேஷனுக்கு மில் வண்டியை அனுப்பலாம் என்றார். சங்கிலிப்பாண்டிக்குப் புளியங்குடியில் பெண் எடுத்தாயிற்று, அதைப் பற்றி நீ கவலைப்படாதே. மெட்டித் துண்டுகளை உருக்கக் கொடுக்கவில்லை. நீ வந்து பார்த்துச் சொல்.

ராத்திரி முழுக்கப் பாதத்தில் ஊசி ஊசியாகக் குத்தியது. தூங்கவில்லை. வலித்தால் எழுது என்று சொல்லியிருந்தாய். வலிக்கிறது, வள்ளி. எழுதிவிட்டேன், வா.

அக்கா
ஆவுடைத்தாய்